தலைமாடு

டுலூத்தில் நவம்பர். ஏரி இன்னும் உறையவில்லை.
இரவுப்பணி முடிந்து வந்தவள்
பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றாமலே
சமையலறை மேசையில் உட்கார்கிறேன்.
விண்ணப்பத்தில் ஒரு கட்டம்தான் பாக்கி:
மயக்கவியலை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்?
ஐந்நூறு சொற்களுக்குள்.

பத்தொன்பது வயதில் வேதியியலில் வாங்கிய சி
இருபது வருடம் கழித்து
வட்டியோடு வாசலில் வந்து நிற்கிறது.
அப்போது எனக்கு ஒரு காதலன் இருந்தான்,
உறைந்த ஏரிமேல் அவனுக்கொரு மீன்பிடிக் குடில் இருந்தது,
பென்சீன் வளையத்துக்கெல்லாம் யாருக்கு நேரம்?
இப்போது செவ்வாயும் வியாழனும்
சமுதாயக் கல்லூரியின் கடைசி வரிசையில்
என்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு
பிணைப்புகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும்
ஒருத்தி சட்டென்று கைபேசியை ஒளித்தாள்,
வாத்தியார் என்று நினைத்து.

பதினோரு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவு.
அனுபவம்: 11 என்று எழுதினால்
கட்டம் நிரம்பிவிடுகிறது.
அலாரம் அலறுவதற்கு ஒரு மூச்சு முன்னால்
பிடரி சிலிர்க்குமே, அதை எங்கே எழுத?
நோர்எபிநெஃப்ரினைத் துளித்துளியாக இறக்கி,
சைக்கிள் பழகும் பிள்ளையின் பின்னால்
சீட்டைப் பிடித்தபடி ஓடுவதுபோல
ஒருத்தியின் ரத்த அழுத்தத்தோடு
விடியும்வரை ஓடியதை?

பரிந்துரைக் கடிதம் கேட்டபோது லோர்னா
தலை நிமிராமல் சொன்னாள்:
"உன்னை இழப்பதற்கு
என்னையே கையெழுத்துப் போடச் சொல்கிறாய்."
மூன்று வாரம் இழுத்தடித்தாள்.
பிறகு இரண்டு பக்கம் எழுதினாளாம்.
எனக்குக் காட்டவில்லை.

டேரல் மின்கட்டண ரசீதின் பின்புறம் கணக்குப் போட்டான்.
மூன்று வருடம், ஒரே சம்பளம்.
படகை விற்றுவிடலாம் என்றான்,
நான் மறுப்பேன் என்று கொஞ்சம் காத்திருந்தான்.
நான் மறுக்கவில்லை.
ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
மறுபக்கத்தில் வேறு விடை இருப்பதுபோல.

போன மாதம் ஒருநாள், அறுவை அரங்கு நான்கில்,
டெல்ஃபின் கிங்பேர்டின் பின்னால்
சுவரோடு சுவராக நின்றேன்.
பித்தப்பையை எடுக்க வந்த கிழவர், மரலாரி ஓட்டியவர்.
பத்திலிருந்து எண்ணச் சொல்லவில்லை டெல்ஃபின்.
"வீட்டில் நாய் உண்டா?" என்றாள்.
"வாஃபிள். அடிமுட்டாள். ஆனா பாருங்க, அது..."
வெள்ளை மருந்து குழாயில் ஏறியது.
வாக்கியம் பாதியில் நின்றது.
மூச்சும்.
இரண்டு விரலால் தாடையைத் தூக்கி
முகமூடியை அழுத்தினாள்.
பையை அவள் அமுக்கியபோதெல்லாம்
அவர் மார்பு எழுந்தது.

நான் நின்ற படுக்கைகளில்
தலைமாடு எப்போதும் உறவினருடையது.
மகள் வந்தால் விலகுவேன், பாதிரியார் வந்தால் விலகுவேன்,
பம்புகளின் பக்கமோ கால்மாட்டிலோ என் இடம்.
அந்த அறைக்குள் மகளை விடமாட்டார்கள்.
தலைமாட்டில் ஒரு சுழல்நாற்காலி,
ஒரு இயந்திரம்,
டெல்ஃபின்.

கண்விழித்ததும் கிழவர் கரகரத்தார்:
"...கதவைத் திறந்துடும்."
உளறுகிறார் என்று செவிலி சிரித்தாள்.
"கைப்பிடியைப் பல்லாலயா திருகுது?" என்றாள் டெல்ஃபின்.

சிறுவயது முதலே என்று தொடங்கியதை அழிக்கிறேன்.
மக்களுக்கு உதவ, அதையும்.
பிறகு எழுதுகிறேன்:
அவருடைய நாயின் பெயர் வாஃபிள்.
பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன், சட்டம் அப்படி.
இன்னும் நானூற்றுத் தொண்ணூற்றாறு சொற்கள்.
மாலையில் வேதியியல் தேர்வு.
பூட்ஸின் பனி உருகி
நாற்காலிக்கடியில் குளமாகி நிற்கிறது.